சுத்துறவனுக்கு ஒரு பாட்டு

வயலின் நீண்ட சுரமொன்றைப் பிடித்து நிற்கும்போது டைனமோ தளர்ந்தால் என்ன நடக்கும் என்பது 1993இல் கொடிகாமத்தில் பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும். சுரம் சரியும். பஸ்ஸில் நித்திரை தூங்கி விழுகிறவரின் தலைபோல ஒருபக்கம் சாய்ந்து, திடுக்கிட்டு நிமிர்ந்து, மறுபடி சாயும். பாடுகிறவரின் குரல் சரிந்தால் காது மன்னித்துவிடும். சொல் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். தபேலா பிந்தினால் தாளம் போடுகிற கால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வயலினுக்கு அந்தச் சலுகை இல்லை.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ எனக்கு முதலில் அப்படித்தான் கேட்டது. கசற்றின் ஒரு பக்கம் முடியுமுன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

“மச்சான், ராஜா செய்ததுக்குள்ள ஆக மோசமானது இதுதான்.”

எதிரே இருந்த வரணிக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. கசற்றைக் கழற்றி, சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த நாள் மறுபடி கொண்டுவந்தான்.

நாங்கள் கூடியது பருத்தித்துறை வீதி தொடங்குகிற முனையில், ஒரு சைக்கிள் திருத்துகிற கடையின் பின்பத்தியில். முன்னால் தட்டிவான் நிற்கும். பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் ஓடிய அந்த மரக்கூட்டு வாகனத்தைப் பார்த்திராதவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். பாதி லொறி, பாதி பஸ். மேலே தேங்காய், பலாப்பழம், சைக்கிள். உள்ளே கடகத்தோடு சந்தைக்கு வந்து திரும்பும் ஆச்சிமார். எங்கள் விவாதங்களின் அரைவாசி அது கிளம்பும் சத்தத்தில் அமுங்கிப்போனது. மிச்சம் அரைவாசியை ஆச்சிமார் கேட்டார்கள். “வேலைவெட்டி இல்லாததுகள்” என்று ஒரு ஆச்சி சொன்னது எங்களுக்குள் நெடுநாள் பகிடியாக ஓடியது.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோல், சீமெந்து, சவர்க்காரம் என்று நீண்ட தடைப் பட்டியலில் ரோச்லைற் பற்றரியும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு துண்டுத் திரியில் படித்து சோதனை பாஸ்பண்ணிய தலைமுறை நாங்கள். செத்த பற்றரியை ஆணியால் துளைத்து, உப்புத்தண்ணி விட்டு, வெயிலில் காயவைத்து இரண்டு பாட்டுக் கேட்டிருக்கிறோம். மூன்றாவது பாட்டுக்கு அது உயிரை விட்டுவிடும். ஆகவே டைனமோ.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் ஹாண்டிலும் நிலத்தில் பட நிறுத்த வேண்டும். பின்சில்லு ரயரின் பக்கத்தில் டைனமோவின் தலை முட்டும்படி வைக்க வேண்டும். ஆறு வோல்ற், மூன்று வாற். நாலு பெரிய பற்றரி போடுகிற கசற் றெக்கோடருக்கும் ஆறு வோல்ற்தான் தேவை. கடவுள் சில கணக்குகளைச் சரியாகத்தான் போடுகிறார். டைனமோ தருவது நேரோட்டமில்லை என்பதால் இடையில் நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும். அந்த வேலையைக் கடைக்கார அண்ணை செய்து தந்தார். இனி ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் பாதகமில்லை, மோட்டர் தன் அளவில் நின்றுகொள்ளும். கை தளர்ந்தால்தான் வினை. எஸ்.ஜானகி மெல்ல மெல்ல ஆண்பிள்ளையாகி, பிறகு கிழவனாகி, பிறகு நின்றுபோவார். கசற்றைத் திருப்பிச் சுற்ற டைனமோவை வீணாக்குவதில்லை. ஓட்டைக்குள் பேனையை விட்டு நாங்களே சுற்றிக்கொள்வோம்.

சுற்றுகிற வேலை எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. கையை ஆட்டி, தொண்டைகிழியக் கத்தாமல் எப்படி விவாதிப்பது? பக்கத்து வளவில் பதினொரு வயதுப் பெடியன் ஒருவன் இருந்தான். அவனைப் பிடித்தோம். கூலி ஒன்றுதான்: ஒரு பின்னேரத்துக்கு ஒரு பாட்டு அவன் கேட்டபடி போட வேண்டும். ‘சுத்துறவனுக்கு ஒரு பாட்டு’ என்பது சட்டமாகிவிட்டது. அவன் எந்நாளும் கேட்டது ஒரே பாட்டு, 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் மேளமும் நாதஸ்வரமும் அதிர்கிற பாட்டு. அது தொடங்கியவுடன் எங்கிருந்துதான் பலம் வருமோ, பெடல் பறக்கும்.

எங்களுக்கு அது கீழான ரசனை. வாய்விட்டே சொல்லியிருக்கிறோம்.

ஆட்களைச் சொல்லவேண்டும். ஊர்ப்பேரால்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டோம். மீசாலைக்காரன் கணக்கில் புலி. வரணிக்காரன் ஏதோ ஒரு தேவாலயப் பாடகர் குழுவோடு கொஞ்சக் காலம் ஒட்டித் திரிந்து மேலைத்தேயச் சுரக்கோவை வாசிக்கப் பழகியவன். எங்களுக்குள் உண்மையில் இசை தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அதனாலேயே அவன் சொல்லை நாங்கள் மதிக்கவில்லை. நான் உசன்காரன். சத்தம் போடுவதில் முதலாள். கடைக்கார அண்ணை எம்.எஸ்.விஸ்வநாதனோடு உலகத்தை முடித்துக்கொண்டவர். நாதஸ்வரம் என்று வந்தால் சினிமாவையே ஒதுக்கிவிடுவார். “சாவகச்சேரிப் பஞ்சாபிகேசன்ர வாசிப்பைக் கோயில் வீதியில நிண்டு கேட்ட காது இது, தம்பி. உங்கட கசற்றைக் கொண்டுபோய் அங்கால வையுங்கோ.” ஆனால் கடையைப் பூட்டிக்கொண்டு போகமாட்டார். ‘சிந்து பைரவி’ போட்டால் ரியூப் ஒட்டுகிற கை நின்றுவிடும். 1985இல் வந்த அந்தப் படத்துக்காக இளையராஜாவுக்கு இந்தியத் தேசிய விருது கிடைத்ததைச் சொன்னால், “விருது குடுக்காட்டியும் நல்லாத்தான் கிடக்கு” என்பார்.

எது ஆகச் சிறந்தது என்பதில் முதல் சுற்று எப்போதும் 1980இல் போய் நிற்கும். ‘ஜானி’, ‘நிழல்கள்’, ‘மூடுபனி’ மூன்றும் அந்த ஒரே வருஷம். ‘மூடுபனி’ அவருக்கு நூறாவது படம். பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர் என்பதால் அதற்கு நாங்கள் கொஞ்சம் கள்ளப் புள்ளியும் போடுவோம். ஜேசுதாஸ் கிற்றாரோடு பாடிய அந்தப் பாட்டைப் போட்டால் தட்டிவான் றைவர்கூட ஹோர்ன் அடிக்காமல் நிற்பார் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அவர் ஒருநாள் நின்றார். அன்றைக்கு எஞ்சின் கிளம்பவில்லை.

இரண்டாவது சுற்று 1991 தீபாவளி. ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. எங்களுக்கு வந்தது படங்களல்ல, கசற்றுகள். அதுவும் மாதக்கணக்கில் பிந்தி. படத்தைக் கண்ணால் காணாமல் பாட்டை மட்டும் வைத்து அடிபட்டோம். ‘குணா’வில் கமல்ஹாசன் பேச, ஜானகி பாடுகிற இடத்தில் என்ன காட்சி இருக்கும் என்று ஆளுக்கொரு படம் எடுத்து வைத்திருந்தோம். கொழும்புக்குப் போனபிறகு உண்மைப் படத்தைப் பார்த்தபோது என்னுடைய படம்தான் நல்லாயிருந்தது.

ஆக மோசமானது எது என்பதில்தான் சூடு அதிகம். நல்லதைப் பற்றி யாரும் ஒத்துப்போகலாம். கூடாததைச் சொல்லும்போதுதான் ஒருவன் எந்தக் காதோடு இருக்கிறான் என்பது வெளியே வரும். 1986இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ என்று கொம்பியூட்டர்ச் சத்தம் புகுந்ததோடு சரிவு தொடங்கியது என்றது ஒரு கட்சி. அதே வருஷம்தானே ‘மௌன ராகம்’ என்று அடித்தது மறு கட்சி. வைரமுத்து பிரிந்தபிறகு சொல் செத்துவிட்டது என்றான் ஒருவன். “நீ என்ன பாட்டுக் கேக்கிறியோ, இல்லாட்டி தமிழ்ப் பேப்பர் திருத்திறியோ?” என்றான் மற்றவன். எண்பதுகளின் கடைசியில் வந்த கிராமத்துப் படங்களில் ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார் என்று நான் ஒரு நீண்ட குற்றப்பத்திரிகை வைத்திருந்தேன்.

அதை மீசாலைக்காரன் ஒரு பின்னேரம் கணக்கால் கிழித்துப்போட்டான். “1980இல ‘மூடுபனி’ நூறாவது. 1987இல ‘நாயகன்’ நாநூறாவது. ஏழு வருஷத்தில முந்நூறு படம். எட்டரை நாளைக்கு ஒரு படம். ஒரு படத்துக்கு அஞ்சு பாட்டு வை, பின்னணி இசையை விடு. எட்டரை நாளைக்கு ஒருக்கா ஒண்டைச் செய்து முடிக்கிற மனிசன் இடைக்கிடை குப்பை போடாட்டி அது மனிசனே இல்லையடா. உன்ர சைக்கிளுக்குக் காத்தடிக்க நீ மூண்டு நாள் எடுக்கிறாய்.” கடைக்கார அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். என் சைக்கிள் உண்மையிலேயே மூன்று நாளாக அவர் கடையில் கிடந்தது.

கசற்றுகள் எங்களிடம் வந்த வழியையும் சொல்லத்தான் வேண்டும். ஆனையிறவுப் பாதை பூட்டு. வன்னிக்கும் அதற்கப்பால் கொழும்புக்கும் போகிறவர்கள் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தார்கள். 1993 தை மாதத் தொடக்கத்தில் அந்தக் கடலில் கடற்படை பயணிகளைக் கொன்றது. அதற்குப் பிறகும் சனம் போனது. வேறு வழி இல்லை. கிளாலி எங்களுக்குக் கிட்ட என்பதால் கடல் கடந்து வருகிறவர்கள் விடியற்காலையில் கொடிகாமம் சந்தியில் இறங்கித் தேத்தண்ணி குடிப்பார்கள். ஈரச் சாரமும் உப்புப் படிந்த பயணப் பையுமாக நிற்கிறவரிடம் போய், “அண்ணை, புதுப் பாட்டேதும் கொண்டந்தனீங்களோ?” என்று கேட்டிருக்கிறோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு ஒருவர்கூட ஏசவில்லை. ஒருவர் ‘ரோஜா’ கசற்றைத் தந்தார். அப்போது படம் வந்து அரை வருஷத்துக்கு மேல்.

‘ரோஜா’ எங்கள் கூட்டத்தை இரண்டாகப் பிளந்தது. மீசாலைக்காரன் ஒரே இரவில் கட்சி மாறினான். “இனி ராஜா சரி, முடிஞ்சுது.” ரஹ்மானின் அடித்தாளம் எங்கள் றெக்கோடரின் சின்ன ஸ்பீக்கருக்கு எட்டவே இல்லை, எதைக் கேட்டு மாறினான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ராஜா கட்சிக்கு அடி விழுந்திருந்த அந்த நேரத்தில்தான் வரணிக்காரன் வயலின் கசற்றை எடுத்துவந்தான். பிரதிக்குப் பிரதி எடுத்த பிரதி. 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் பாஹுக்கும் ராஜா காணிக்கையாக்கியது, முன்னணி வயலின் வி.எஸ்.நரசிம்மன் என்றெல்லாம் சொன்னான். பாஹ் யாரென்று கேட்டோம். முந்நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் பிறந்த, தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த ஆள் என்றான். ‘பாஹை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று ஒரு துண்டுக்குப் பெயராம். “உசனுக்கு வரச்சொல்லு, நானும் சந்திக்கிறன்” என்றேன்.

அவனுக்கு அது விளையாட்டல்ல. ஒரு வயலின் தொடங்கிய மெட்டை மற்றது கொஞ்சம் பிந்தி எடுத்துக்கொண்டு துரத்துவதை, கீழே செலோ அதைத் தாங்குவதை, விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவான். நாங்கள் கேட்டதோ அழுகுரல். இரண்டு வயலினும் சேர்ந்து சரிந்தன, சேர்ந்து விக்கின. பாட்டே இல்லாத ஒன்றுக்காக ஒரு பெடியன் கைநோகச் சுற்றுவதா என்றேன். அந்த வருஷம்தான் லண்டனில் றோயல் பில்ஹார்மொனிக் ஓர்க்கெஸ்ற்றாவோடு ராஜா சிம்பொனி ஒலிப்பதிவு செய்தார் என்று இந்தியப் புத்தகமொன்றில் பிந்திப் படித்தோம். வரணிக்காரன் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடைச் சுவரில் ஒட்டினான். அந்த சிம்பொனி வெளிவரவேயில்லை. நான் அதையும் என் பக்கத்துச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

1995 ஐப்பசி 30. வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் எங்களிடம் வந்தது. மழை. கொடிகாமத்தில் கால்வைக்க இடமில்லை. கடைக்குள் ஒரு குடும்பம், பத்தியில் இன்னொன்று. றெக்கோடர் உரப்பைக்குள் போயிற்று. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம், பழக்க தோசத்தில் நானும் வரணிக்காரனும் வாசலில் நின்று 1980ஐப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். தாழ்வாரத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த நல்லூர்ப் பெடியன் ஒருவன் திரும்பி, “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ‘ஜானி’யைவிட ‘உதிரிப்பூக்கள்’தான்” என்றான். 1979 படம். எங்களுக்கு அது நினைவிலேயே வரவில்லை. இருட்டும்வரை அவனோடு வாதாடினோம். அவனிடம் வீடு இல்லை, எங்களிடம் பதில் இல்லை.

1996 சித்திரையில் இராணுவம் தென்மராட்சிக்குள் வர, கூட்டம் சிதறியது. வரணிக்காரன் கிளாலியால் வன்னிக்குப் போனான். போகும்போது தன் கசற்றுகளையெல்லாம் கொண்டுபோனான். நான் பிந்தி கொழும்பு, அதற்குப் பிந்தி லண்டன்.

லண்டனில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. கூட வேலைசெய்த வெள்ளைக்காரக் கிழவர் பீட்டில்ஸ் பைத்தியம். 1968இன் வெள்ளை அல்பத்தை இரண்டு தட்டாக விட்டது சரியா, தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் நினைத்தபடி சுருக்கி ஒன்றாக விட்டிருக்க வேண்டுமா என்று முப்பது வருஷமாகத் தம்பியோடு சண்டையாம். எங்கள் ஊர்க் கதைபோல இருந்தது. மொத்தம் எத்தனை தட்டு என்று கேட்டேன். பிரித்தானியாவில் 1963 தொடக்கம் 1970 வரை பன்னிரண்டு என்றார். பன்னிரண்டுக்கே இந்தச் சண்டையென்றால்! நான் ஏழு வருஷம், முந்நூறு படம் என்று சொன்னேன். என் ஆங்கிலம்தான் பிழை என்று நினைத்து, மூன்றா முப்பதா என்று திருப்பிக் கேட்டார்.

இவ்வளவு காலத்தில் ‘ஹவ் டு நேம் இட்’டை நான் தொடவில்லை. ஒருமுறை வயிற்றுக்கு ஒத்துவராத கறியை மறுபடி தட்டில் போடாத யாழ்ப்பாணத்துப் பிடிவாதம். 2025 மார்ச் 8ஆம் திகதி ஹாமர்ஸ்மித் அப்பலோவில் ராஜாவின் ‘வேலியன்ற்’ சிம்பொனி அரங்கேறியது. மகன் ரிக்கெற் எடுத்துத் தந்தான். வயலின்கள் வரிசையாக எழுந்து நீண்ட சுரத்தைப் பிடித்தன. சரியப்போகிறது, இப்போது சரியப்போகிறது என்று என் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. சரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் கைதட்ட, நான் கதிரைக் கையைப் பிடித்தபடி இருந்தேன்.

வீடு திரும்பும் ரயிலில் மகனின் போனையும் காதுக்கருவியையும் வாங்கி அந்தப் பழைய கசற்றைத் தேடிப் போட்டேன். முழுதும் அற்புதம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். சில துண்டுகளில் மனிசன் தனக்குக் கைவருவதைக் காட்டுகிறார், கேட்கிறவனுக்கு ஒன்றும் தருகிறாரில்லை. ஆனால் வரணிக்காரன் காற்றில் போட்ட கோடுகள் எல்லாம் அங்கே இருந்தன. ஒன்றையொன்று துரத்தின, கீழே செலோ தாங்கியது. ஆக மோசமானதல்ல. கிட்டவும் வராது. இறங்கவேண்டிய இடத்தை விட்டு மூன்று ஸ்ரேசன் தள்ளிப் போய்விட்டோம்.

அந்த ஆவணியில் ஊருக்குப் போனேன். தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கருக்குப் போய், 2014இல் மறுபடி போட்ட பாதை. யாழ்தேவியால் கொடிகாமத்தில் இறங்கினால் வெயில் முகத்தில் அறைந்தது. கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். கடைக்கார அண்ணை காலமாகிப் பல வருஷம். மீசாலைக்காரன் மெல்பேர்னில், இப்போதும் ரஹ்மான் கட்சி. ஸ்ரேசன் வாசலில் ஓட்டோக்காரர் ஒருவர் என் பையை வாங்கினார். நரைத்த மீசை, தடித்த முன்னங்கை. உள்ளே ‘கரகாட்டக்காரன்’ அதிர்ந்துகொண்டிருந்தது.

“உசன்கார அண்ணையோ?”

அந்தப் பாட்டில்லாவிட்டால் நான் அவனைக் கண்டுபிடித்திருக்கமாட்டேன். தேத்தண்ணி குடித்தோம். பிள்ளைகளைப் பற்றி, தேங்காய் விலையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு நான் லண்டன் சிம்பொனியைச் சொல்லி, அந்த வயலின் கசற்றைப் பற்றி நாங்கள் எல்லாரும் பிழையாகச் சொல்லிவிட்டோம், டைனமோவால் வந்த கோளாறு அது என்று விளங்கப்படுத்தினேன். அவன் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தான்.

“டைனமோவில ஒரு கோளாறுமில்லை அண்ணை. நான் வேணுமெண்டுதான் மெள்ளச் சுத்தினனான். அழுதால்தானே நீங்கள் சகிக்கேலாமல் நிப்பாட்டுவியள். நிப்பாட்டினால்தானே என்ர பாட்டுப் போடுவியள்.”

எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை.

“வரணி அண்ணை மட்டும் கண்டுபிடிச்சிட்டார்” என்றான். “ஒருநாள் நீங்கள் ஒருத்தரும் இல்லாத நேரம் கிட்ட வந்து குந்தியிருந்து, ‘தம்பி, இதுக்கு மட்டும் கொஞ்சம் கெதியாச் சுத்தடா’ எண்டு ரெண்டு ரொபி தந்தவர். அந்த நேரம் ரொபி எங்க எடுத்தாரோ தெரியாது.”

“பிறகு?”

“ரொபியைத் திண்டிட்டு மெள்ளத்தான் சுத்தினன்.”